மதுரையிலிருந்து குடும்பத்தோடு கைக்கு அடக்கமாக ஒரு பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழுப்பரீட்சை முடிந்ததும் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷமாவது பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போகணும்." பெரும்பாலும் அது பேச்சோடு நின்றுவிடும். பணம் இல்லாததால் நிற்கும். பணம் இருந்தாலும் போகிற இடத்தில் பறிபோய்விடுமோ என்ற பயத்தால் நிற்கும். செல்லூரில் எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், பிள்ளைகள் இருவர், அத்தை (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்). பெரிய வருமானம் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு பயணமாவது போய்வருகிறோம். அக்கம்பக்கத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு பணம் இருந்தால் கிளம்பலாம்?

இதைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும். கையில் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் எங்கே போகலாம் என்று பாருங்கள். இரண்டாயிரம் இருந்தால் இரண்டாயிரத்துக்கு ஓர் ஊர் உண்டு. நகையை அடகு வைத்தோ, கிரெடிட் கார்டில் தவணை போட்டோ சுற்றுலா போகாதீர்கள். மூன்று நாள் சந்தோஷத்துக்கு ஒரு வருஷம் வட்டி கட்டும்போது, அந்தப் பயணத்தின் நினைவே கசந்துவிடும்.

எங்கள் வழி இது: சில வங்கிகளில் ஆறு மாதத்துக்குக்கூட ஆர்டி (மாதாமாதம் பணம் போடும் தொடர் வைப்பு) போடலாம். நவம்பரில் தொடங்கினால் மே மாதம் கைக்கு வரும். மாதம் ஆயிரம் என்றால் ஆறாயிரமும் கொஞ்சம் வட்டியும். தெரிந்தவர் நடத்தும் 'டூர் சீட்டு' என்று யாராவது சொன்னால், பதிவு செய்யாத சீட்டில் பணம் போடாதீர்கள். வட்டி குறைவானாலும் வங்கியும் தபால் ஆபீசும் போதும்.

வெளியூர் போனால்தான் லீவா? மதுரையிலேயே என்ன இருக்கிறது?

மதுரைக்காரர்களுக்கு மதுரை தெரியாது என்பது என் நெடுநாள் வருத்தம். வெளியூர்க்காரர்கள் ரயில் ஏறி வந்து பார்ப்பதை நாம் பஸ்ஸில் போய்ப் பார்ப்பதில்லை.

கீழக்குயில்குடி சமணர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். காலை ஆறரை மணிக்குப் போய்விட்டால் பாறையில் சூடு ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம். மேலே தீர்த்தங்கரர் சிற்பங்களும், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. "இது தமிழா?" என்று என் மகள் விரலால் தடவிப் பார்த்துக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு முறை போகலாம்.

அடுத்தது கீழடி. சிவகங்கை மாவட்டம் என்றாலும் நமக்குப் பக்கம்தான். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள், செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றமும் தூண்களுமாக. பானை ஓட்டில் கீறிய பெயர்கள், பகடைக்காய்கள், நூல் நூற்கும் தக்களிகள் எல்லாம் பார்க்கலாம். பிள்ளைகளை நிறுத்தி வைப்பது அங்கிருக்கும் வட்டச்சில்லுகள்தான். நாம் பாண்டி ஆடிய அதே சில்லு! என் மகன் அதன் முன்னால் நின்ற நேரம், வேறெந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் நிற்கவில்லை.

காந்தி மியூசியம் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது. 1959-ல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. கட்டணம் இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று அவர் மேல்சட்டையை விட்டு வேட்டி மட்டும் உடுத்தத் தொடங்கியது நம் மேலமாசி வீதியில்தான் என்பதைப் போகும் வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அந்தத் துணியின் அருமை புரியும்.

மதிய வெயிலுக்குப் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, ஏசி, கட்டணம் கிடையாது. சித்திரை வெயிலில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பஸ், ரயில், வேன்: எது சிக்கனம்?

ஐந்து பேர் வரை பஸ்ஸும் ரயிலும்தான். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. அரசு பஸ்களில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. ஆக, எங்கள் வீட்டில் டவுன் பஸ்ஸில் ஏறினால் கணவருக்கும் மகனுக்கும் மட்டும்தான் செலவு.

குற்றாலம் என்றால் மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலில் தென்காசியில் இறங்கிக்கொள்ளலாம். சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தேனிக்கும் போடிக்கும் இப்போது ரயில் ஓடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடப்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். ராமேஸ்வரம் ரயில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் போகிறது.

முன்பதிவில் ஒன்றைக் கவனியுங்கள். 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. படுக்கை வகுப்பில் பகல் பயணத்துக்கும் குறுகிய இரவுப் பயணத்துக்கும் பாதியே போதும். ஆன்லைனில் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான பயணக் காப்பீட்டைக் கேட்பார்கள்; 'வேண்டும்' என்று கொடுத்து, வாரிசு பெயரையும் நிரப்பிவிடுங்கள். நிரப்பாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்தால் வேன் கட்டுப்படியாகும். ஆனால் பேசும்போதே எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும்: கிலோமீட்டர் கணக்கு வண்டி ஷெட்டிலிருந்தா, நம் வீட்டிலிருந்தா? டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், மலை ஏறினால் கூடுதல் எவ்வளவு? ஏறும் முன் மீட்டரை ஒரு போட்டோ எடுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பி, 'சரி' என்று பதில் வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து நடுத்தெருவில் நின்று வாக்குவாதம் செய்வதை இது தடுக்கும்.

கொடைக்கானல் போகலாமா?

போகலாம், ஆனால் மே மாதம் வேண்டாம். ரூம் வாடகை ஏறியிருக்கும். மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்கும். காலாண்டு லீவில், அதுவும் வார நாளில் போங்கள்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ என்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறை. அரசுத் தளத்தில் எடுப்பது இலவசம். "நாங்க எடுத்துத் தர்றோம், ஐந்நூறு குடுங்க" என்று கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஆரப்பாளையத்தில் அரசு பஸ் ஏறினால் இ-பாஸே தேவையில்லை. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை; வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

பணத்தை எப்படி எடுத்துப்போவது?

இதற்குப் பதில் சொல்லும் முன் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு கடலோரக் கோயில் ஊரில், கணவர் தீர்த்தமாடப் போகும்போது போன், பர்ஸ், எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துப் படித்துறையில் விட்டுப்போனார். ஏடிஎம் கார்டு இரண்டும் போன் உறைக்குள். நான் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, பையைக் காணோம். என் போனிலோ சார்ஜ் இல்லை. பஸ்ஸுக்குக் காசில்லை. யார் நம்பரும் மனப்பாடமாகத் தெரியவில்லை. மகன் பசிக்கிறது என்றான்.

அத்தை எதுவும் பேசாமல் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் மூன்று. "மொத்தத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாதுத்தா, எங்க அம்மா சொல்லிக் குடுத்தது" என்றார். அன்று எல்லோரும் சாப்பிட்டு வீடு வந்து சேர்ந்தது அந்தப் பணத்தில்தான். போனும் யுபிஐயும் எத்தனை இருந்தாலும் அன்றிலிருந்து அத்தையின் வழிதான் எங்கள் வழி.

இப்போது செய்வது இது. பயணத்துக்கென்று ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறோம். சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை யுபிஐயில் இணைப்பதில்லை. சின்னக் கணக்கில் பயணத்துக்கான தொகையை மட்டும் போட்டு, அதை மட்டும் போனில் இணைக்கிறோம். என்ன நடந்தாலும் போவது அந்தத் தொகைதான். டீ, ஆட்டோ போன்ற சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட். அதில் 5,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது. பின் நம்பர் போடாமலே பணம் போகும் என்பதால் கூட்டத்தில் யாரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பின்னைத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் அதற்குப் பின் நம்பர் இல்லாத காரணத்தாலேயே போனுக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும். லைட்டில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு மேல் நான் வைப்பதில்லை.

ரொக்கத்தை மூன்று இடத்தில் பிரிக்கிறோம். அன்றைய செலவு என் கைப்பையில். மீதி கணவரின் உள்பாக்கெட்டில். அவசரத்துக்கு இரண்டாயிரம் அத்தையின் சுருக்குப் பையில். அதை வீடு வந்து சேரும்வரை யாரும் தொடுவதில்லை. ஒரு ஏடிஎம் கார்டு என்னிடம், இன்னொன்று அவரிடம். இரண்டும் ஒரே பையில் இருக்காது. வங்கி ஆப்பில் கார்டுக்கு ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை எல்லாவற்றையும் அணைத்துவைக்கலாம். ரிசர்வ் வங்கி உத்தரவால் 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கியிலும் இந்த வசதி உண்டு. கிளம்பும் முந்தின ராத்திரி இதை அணைப்பது, கேஸ் சிலிண்டரை மூடுவது மாதிரி எங்களுக்குப் பழகிவிட்டது.

போன் தொலைந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

தேடி அலைவதில் நேரத்தை விடாதீர்கள். முதலில் சிம்மை முடக்குங்கள், ஏனென்றால் ஓடிபி வருவது அதில்தான். அடுத்தது வங்கிக்குப் போன் போட்டுக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும்; எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வழியில் மறிக்க முடியும். அப்புறம் அந்த ஊர்க் காவல் நிலையத்தில் புகார். புகார் நகலும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) இருந்தால் சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசுத் தளத்தில் அந்த போனையே வேலை செய்யாமல் முடக்கலாம்.

இதெல்லாம் நடக்க, எண்கள் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும். தொலைந்த போனுக்குள் இருந்து பயனில்லை. வங்கி உதவி எண், சிம் நிறுவன எண், சொந்தக்காரர் இருவர் எண், ஐஎம்இஐ (*#06# அழுத்தினால் தெரியும்). இதை எழுதி இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அத்தையின் பையில் வைத்திருக்கிறேன். பின் நம்பரை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள்.

நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் யாரோ பணத்தை எடுத்திருந்தால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் இழப்பு நம் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதித்தது. நாமே பின்னையோ ஓடிபியையோ சொல்லிக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம்முடையதுதான். அதனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாந்ததை வீட்டில் சொல்லப் பயந்து இரண்டு நாள் கழித்துச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளில்தான் மிச்சமும் போனது.

ஆன்லைனில் ரூம் போடுவது பாதுகாப்பானதா?

போடலாம். ஆனால் கூகுளில் முதலில் வரும் நம்பரைக் கூப்பிடாதீர்கள். கோயில் தேவஸ்தான விடுதிகள், பெயர்பெற்ற லாட்ஜுகள் பெயரில் போலித் தளங்கள் இருக்கின்றன. போட்டோ உண்மையாக இருக்கும், பணம் போகும் கணக்கு மட்டும் யாரோ ஒருவருடையதாக இருக்கும். தேவஸ்தான அறைக்கு அந்தக் கோயிலின் அதிகாரபூர்வத் தளம் அல்லது நேரில். தனியார் லாட்ஜ் என்றால் பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் பாருங்கள். லாட்ஜ் பெயர் இல்லாமல் தனியாள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். முழுத் தொகையும் முன்கூட்டியே கேட்பவரிடம் போகவே வேண்டாம்.

ரூமில் ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். நான் அதைத்தான் கொடுக்கிறேன்.

"ரீஃபண்ட் வர க்யூஆர் ஸ்கேன் செய்யுங்கள்" என்றால்?

செய்யாதீர்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்), "இந்த ஆப்பை இறக்குங்கள், நாங்களே சரிசெய்கிறோம்" என்ற அழைப்பு, இரண்டுக்கும் இதே பதில்தான்.

இலவச டூர் பரிசு விழுந்திருக்கிறது என்று போன் வந்தது. நம்பலாமா?

மாலிலோ பெட்ரோல் பங்கிலோ கூப்பன் எழுதிப் போட்டிருப்பீர்கள். ஒரு மாதம் கழித்து, "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து வந்து பரிசை வாங்கிக்கோங்க" என்பார்கள். போனால் குளிர்பானம் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பல வருஷத்துக்கான விடுமுறைத் திட்டம், "இன்னைக்கே சேர்ந்தா மட்டும்தான் இந்த விலை" என்று லட்சத்தில் சொல்வார்கள். 'இன்றைக்கே' என்ற வார்த்தை வந்ததும் எழுந்துவிடுங்கள். நல்ல திட்டமாக இருந்தால் நாளைக்கும் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

கட்டுச்சோறுதான். புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மறுநாளும் தாங்கும். இட்லிக்கு இருபுறமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி வாழை இலையில் அடுக்குங்கள். தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமும் தயிரைக் கொஞ்சமும் விட்டுப் பிசைந்தால் மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னியை மட்டும் எடுத்துப்போகாதீர்கள்.

அதற்காக மூன்று வேளையும் கட்டுச்சோறு என்று இருக்காதீர்கள். போகிற ஊரின் பண்டத்தை ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு ஊர் நினைவில் நிற்பதே நாக்கு வழியாகத்தான்.

பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் கேட்கிறார்களே?

ஆளுக்கு இருநூறு ரூபாய் கையிலேயே கொடுத்துவிடுங்கள். "உன் காசு, உன் இஷ்டம்." என் மகன் முதல் நாளே எல்லாவற்றையும் செலவழித்தான். அடுத்த வருஷம் மூன்றாம் நாள் வரை வைத்திருந்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திருவிழாக் கூட்டத்துக்கு நகை போட்டுப் போகலாமா?

வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும்போது சாமியைப் பார்க்கக் கை இரண்டும் தலைக்கு மேல் போய்விடும். கழுத்தில் கை வைப்பவனுக்கு அது போதும். தாலிச் செயினை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, நகையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வாருங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகப் பயமாக இருக்கிறது.

பக்கத்துக் காவல் நிலையத்தில் எத்தனை நாள் ஊரில் இருக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்; ரோந்து வரும்போது பார்ப்பார்கள். பால், பேப்பரை நிறுத்துங்கள். வாசல் கோலம் முக்கியம்: நாலு நாள் கோலம் இல்லாத வாசலே பூட்டிய வீடு என்று காட்டிக்கொடுத்துவிடும். எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலிலும் ஒரு கோடு இழுப்பார். அவர் ஊருக்குப் போனால் நான். போட்டோக்களை வீடு திரும்பிய பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள்.

நாளைக்கே, மிகக் குறைந்த செலவில் ஓரிடம் சொல்லுங்களேன்?

அழகர்கோவில். காலை ஏழு மணிக்குள் டவுன் பஸ் ஏறுங்கள். பதினெட்டாம்படிக் கருப்பிடம் நின்று கும்பிட்டு, அழகரைப் பார்த்துவிட்டு, மலை ஏறிப் பழமுதிர்சோலை, அதற்கு மேல் நூபுர கங்கை. பெரியவர்களுக்குக் கோயில் வண்டி உண்டு. பிள்ளைகளோடு நடப்பவர்கள் வழி முழுக்க மர நிழலில் நடக்கலாம். குரங்குகள் பையைப் பறிக்கும், அதனால் சாப்பாட்டைத் துணிப்பைக்குள் போட்டு முடிச்சுப் போடுங்கள். மாற்றுத் துணி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நூபுர கங்கையில் நனையாமல் பிள்ளைகள் வரமாட்டார்கள். இறங்கி வந்ததும் பிரசாதத் தோசை வாங்குங்கள். முழு உளுந்தும் மிளகும் போட்ட கனமான தோசை. ஒன்றை இரண்டு பேர் பிய்த்துச் சாப்பிடலாம்.